ஒரு ட் விட்டுப்போச்சு

இந்த சீட்டுக்கு ஆள் வரலையேம்மா? உக்காந்துக்கறேன். அப்பாடா! பை உங்களை இடிக்குதா? இல்ல, கீழ வைக்க மாட்டேன். மடியிலயே இருக்கட்டும். இதுல முக்கியமான காகிதம் இருக்கு.

நான் எஸ்டேட்ல இறங்கணும், தொழிற்பேட்டை ஸ்டாப். நாலு மணிக்குக் கூட்டம். நீங்க ஓ.டி. பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? அப்ப நான்தான் முன்னாடி இறங்குவேன். இப்ப மணி என்ன, மூணு பத்தா? ஞாயித்துக்கிழமைதானே, போயிடலாம். சீக்கிரம் போய்ச் சேரணும்னு ஒண்ணும் துடிக்கல, அது வேற விஷயம்.

ஐயோ, முன்சீட்டு முதுகுல என்னத்த ஒட்டி வெச்சிருக்கான் பாருங்க. 'தையல் பயிர்ச்சி'யாம். பயிர்ச்சி! பயிரா வளக்கறான்? றகரம் போடத் தெரியாதவன் எப்படி நேர்த்தையல் போடுவான்? இருங்க, பேனா வெச்சிருக்கேன். இப்படி ஒரு கோடு, மேல ஒரு 'ற்'. ஆச்சு. சிரிக்காதீங்கம்மா. முப்பத்தொரு வருஷம் அச்சாபீசுல பிழை திருத்தினவ நான். பேரு அம்சவேணி. ரிட்டயர் ஆகி மூணு வருஷமாச்சு, கை மட்டும் ரிட்டயர் ஆகல.

என்ன கூட்டம்னு கேக்க மாட்டீங்களா? கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன். ரெண்டு வாரமா மென்னு முழுங்கிக்கிட்டுக் கிடக்கேன்.

எஸ்டேட்ல எங்க பட்டறை ஒண்ணு இருக்கு. பட்டறைன்னதும் முதலாளி ஒருத்தர் இருப்பார்னு நெனைச்சுடாதீங்க. முதலாளியே கிடையாது. பழைய ஷெட்டு, அறுவது பேரு சேந்து நடத்தறோம். மரம் அறுக்கற மிஷின், வெல்டிங், தையல் மிஷின், கம்ப்யூட்டர்ல வரைஞ்சதை அப்படியே பிளாஸ்டிக்குல வார்த்துக் குடுக்கற மிஷின், எல்லாம் இருக்கு. யார் வேணா வரலாம், கத்துக்கலாம், தனக்கு வேணுங்கறதைத் தானே செஞ்சு எடுத்துட்டுப் போகலாம். எந்த முடிவா இருந்தாலும் கை தூக்கித்தான். சுகந்தன்னு ஒருத்தர் ஒருங்கிணைப்பாளர், அவருக்கும் ஒரு கைதான், கூட்டிப் பெருக்கற எனக்கும் ஒரு கைதான்.

நான் என் பூதக்கண்ணாடிக்கு ஒரு தாங்கி செய்யலாம்னு போனவ. சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலை எனக்குச் சுத்தமா வரல. மொத நாளே சுத்தியால விரல்ல போட்டுக்கிட்டேன். ஆனா சுவத்தைப் பாத்தேன் பாருங்க, 'செறுப்பைக் கழட்டாதே'ன்னு எழுதியிருக்கு. வல்லின 'று' போட்டு செறுப்பு! அன்னைக்கே ஒரு பட்டியல் எடுத்தேன், இருவத்தேழு தப்பு. எல்லா அறிவிப்பையும் என் கையால திரும்ப எழுதினேன். இப்ப அங்க வர்றவங்க சொல்வாங்க, பட்டறையிலேயே சுத்தமா இருக்கறது சுவருதான்னு. என்னை விட்டா அங்க தமிழைக் கேக்கறதுக்கு நாதி கிடையாது.

அதுல ஒரு அறிவிப்பு, மெயின் சுவிட்சுக்கு மேல, பெருசா. 'அட்டையை மாட்டியவரே கழற்ற வேண்டும்.' கழட்ட இல்ல, கழற்ற. அந்த றகரத்துக்காக சுகந்தன்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கேன்.

அது என்ன அட்டைன்னா, யாராவது மிஷினைப் பிரிச்சு உள்ள கை விட்டு வேலை பாத்தாங்கன்னா, மெயினை அணைச்சிட்டு ஒரு சிவப்பு அட்டையில தன் கையால எழுதி சுவிட்சுல மாட்டணும். மர மிஷின் இருக்கறது தட்டிக்கு அந்தப் பக்கம், சுவிட்ச் இருக்கறது இந்தப் பக்கம். சுவிட்ச் கிட்ட நிக்கறவங்களுக்கு மிஷின்ல ஆள் இருக்கறது தெரியாது. அதனால மாட்டின ஆளேதான் வந்து எடுக்கணும். வேற யாரும் அதைத் தொடக் கூடாது. பட்டறையில மத்த விதியெல்லாம் அப்படி இப்படி இருக்கும், இது மட்டும் கல்லுல அடிச்ச மாதிரி.

போன மாசக் கடைசி சனிக்கிழமை. ரெஜினான்னு ஒரு பொண்ணு, முப்பத்தஞ்சு வயசு, ஐடிஐ படிச்ச எலக்ட்ரீஷியன், கெட்டிக்காரி. மர மிஷின்ல பிளேடு மாத்த உக்காந்தா. மெயினை அணைச்சா, அட்டையை மாட்டினா. ரெண்டு பேர் பாத்திருக்காங்க. பத்து நிமிஷத்துல மெயினை யாரோ போட்டுட்டாங்க. மிஷின் சுத்திடுச்சு. அவ கை உள்ள.

வலது கையில ரெண்டு விரலு. ஒண்ணைத் தைச்சுட்டாங்க. நடுவிரல்ல நுனி போயிடுச்சு. அந்த சத்தம் இருக்கே… வேண்டாம் விடுங்க.

மெயினைப் போட்டது தணிகைவேல். அவரு இல்லைன்னு சொல்லல. தன்னோட டிரில்லிங் மிஷினுக்கும் அதே மெயின்தான், அதனால போட்டேங்கறாரு. "அட்டை இல்ல, பாத்துட்டுத்தான் போட்டேன்"ங்கறாரு. ரெஜினா மாட்டினேங்கறா. அட்டையைத் தேடினா காணோம். ஷெட்டைத் தலைகீழாப் பொரட்டிட்டாங்க. அப்ப என்ன ஆச்சு? தணிகைவேல்தான் அவசரத்துல அட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டு, இப்ப வாய் கூசாம பொய் சொல்றாருன்னு ஊரே பேசுது. இன்னைக்கு அதுக்குத்தான் கை தூக்கப் போறாங்க. பாதிக்கு மேல கை தூக்கிட்டா அவரு வெளிய. திரும்ப அந்த வாசப்படி மிதிக்க முடியாது.

அவரைப் பத்தியும் சொல்லணும். வியாசர்பாடிக்காரர், மெக்கானிக். ஒன்பது வயசுல ஒரு பொண்ணு. அதுக்கு முதுகு நிக்காது, சாதா நாற்காலியில வெச்சா சரிஞ்சிடும். கடையில விக்கற எதுவும் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தல. இவரு பட்டறையில அது உடம்பை அளவெடுத்து ஒரு நாற்காலி செஞ்சாரு, கழுத்துக்கு ஒரு பிடி, இடுப்புக்கு ரெண்டு பக்கமும் அணைப்பு. பிள்ளை வளருதில்ல? ஒரு அங்குலம் வளந்தா இவரு பட்டறைக்கு ஓடி வந்துடுவாரு. இப்பவும் பாதி செஞ்ச நாற்காலி அங்கதான் கிடக்கு. பள்ளிக்கூடம் தொறக்க பதினாலு நாள்தான் இருக்கு. பழசுல அந்தப் பிள்ளை இனிமே உக்கார முடியாது. வெளிய எங்க போய் அந்த மிஷினுக்கெல்லாம் நிப்பாரு மனுஷன்?

என்னம்மா பஸ் நகரவே மாட்டேங்குது? பாலத்துக்குக் கீழ லாரி குறுக்க நின்னுடுச்சாமா? சரி, நிக்கட்டும். நிக்கட்டும் நிக்கட்டும்.

நீங்க என்ன வேலை பாக்கறீங்க? மருந்துக் கடையிலயா! அப்படின்னா உங்களுக்குப் புரியும். மாத்திரை பேருல ஒரு எழுத்து மாறினா என்ன ஆகும், சொல்லுங்க? ஆள் போயிடும் இல்ல? அதைத்தான் நான் தலையால அடிச்சுக்கறேன்.

அந்த அட்டையில ரெஜினா என்ன எழுதியிருந்தா தெரியுமா? 'ஆள் வேலையில் இருக்கிறார். ஓடாதே.' ஓடாதே! 'ஓட்டாதே'ன்னு எழுதணும். ஒரு ட் விட்டுப்போச்சு. மிஷினை ஓட்டாதேன்னு சொல்ல வந்தவ, ஓடாதேன்னு எழுதி வெச்சிருக்கா. யாரைப் பாத்து ஓடாதேங்கறா? வழியில போறவனையா? படிச்ச பொண்ணு, இவ்வளவு பெரிய எழுத்துல, என் அறிவிப்புக்கு நேர் கீழ மாட்டியிருக்கா. பாக்கறவன் என்னைத்தானே சிரிப்பான்? சுவரெல்லாம் என் கையெழுத்துன்னு ஊருக்கே தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? அட்டைதான் காணாமப் போச்சேன்னு கேக்கறீங்க.

தெரியும்மா. ஏன்னா அதை எடுத்தது நான்.

கழட்டலம்மா. தயவுசெஞ்சு அந்தச் சொல்லைச் சொல்லாதீங்க. திருத்த எடுத்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. ரெண்டு எழுத்துக்கு நடுவுல ட் நுழைக்க இடம் இல்ல, அவ்வளவு நெருக்கி எழுதியிருந்தா. புதுசா ஒண்ணு எழுதி மாட்டிடலாம், மூணு நிமிஷ வேலைன்னு மேஜைக்கு எடுத்துட்டுப் போனேன். சுத்துமுத்தும் பாத்துட்டுத்தான் போனேன், சுவிட்ச் பக்கம் ஈ காக்கா இல்ல. தணிகைவேல் டீ குடிக்கப் போயிருந்தாரு. அந்த நேரம் பாத்து ஸ்கெட்ச் பேனா காஞ்சிருக்கு. கோடு இழுத்தா வெறும் கீறல். அலமாரியில வேற பேனா தேடினேன். கறுப்பு கிடைச்சுது, பச்சை கிடைச்சுது. சிவப்பு அட்டையில பச்சையில எழுதினா எடுபடுமா? அந்த யோசனையில நின்னுட்டிருக்கேன், சத்தம் கேட்டுது.

அட்டை எப்படி என் பைக்குள்ள வந்துச்சுன்னே எனக்குத் தெரியல. சாமி சத்தியமாத் தெரியல. ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினேன். வீட்டுக்கு வந்து கைக்குட்டை எடுக்கப் பையைத் தொறந்தா, மேலயே இருக்கு, செக்கச்செவேல்னு.

அன்னைக்கே சொல்லியிருக்கலாம்தான். ஆனா எல்லாரும் அழுதுட்டிருக்காங்க. அந்த நேரத்துல போய், எழுத்துப்பிழை, ஒரு ட் விட்டுப்போச்சுன்னு ஆரம்பிக்க முடியுமா? மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் தணிகைவேல்தான்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. யாரும் என்னைக் கேக்கல. ஒருத்தர் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன். ரெஜினா மிஷின்ல இருக்கற பட்டனையும் அணைச்சிருக்கணும், அதைச் செய்யல. அவரு தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் குடுத்திருக்கணும், குடுக்கல. எல்லாத் தப்பையும் தூக்கி என் தலையில போட்டா நியாயமா?

என்ன சொன்னீங்க? மெதுவாப் பேசறீங்க, கேக்கல.

'பாட்டில்ல இருந்து லேபிளை நாங்க பிரிக்கவே மாட்டோம்மா'ன்னா?

நீங்க சின்னவங்க. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு பேச்சுக்கு மாத்திரைன்னு சொன்னேன், உடனே பிடிச்சுக்கிட்டீங்க. லேபிளாம்.

தண்ணி இருக்காம்மா உங்ககிட்ட? குடுங்க. நன்றி.

சரி, மிச்சத்தையும் சொல்லிடறேன். இதைச் சொன்னா நீங்க எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போனாலும் போவீங்க. போன புதன்கிழமை தணிகைவேல் என் வீட்டுக்கு வந்தாரு. கையில ஒரு தாளு. "யக்கா, கூட்டத்துல பேசுனா எனக்குக் கோவம் வந்துரும், வாய் குளறிரும். எழுதியாந்துட்டேன். தப்பு இருந்தா பாத்துக் குடு. நீயே படிச்சும் காட்டிரு யக்கா. நீ படிச்சா எல்லாரும் கேப்பாங்க"ன்னாரு. எல்லாரும் அவரைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க, நான் மட்டும்தான் பேசறேனாம். அதுக்கு நன்றி வேற சொன்னாரு, ஐயோ சாமி!

தாளைப் பாத்தேன். ஏகப்பட்ட தப்பு. 'சுவிச்சி', 'மண்ணிக்கவும்', எல்லாத்தையும் திருத்தினேன். நடுவுல ஒரு வரி. 'நான் போடும்போது அட்டை இல்லை.' அதுல ஒரு பிழையும் இல்லம்மா. கட்டங்கட்டமா, எழுத்து எழுத்தா, அவரு அந்தத் தாள்லயே ஒழுங்கா எழுதின ஒரே வரி அதுதான். பேனாவை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டிருந்தேன். அப்புறம் 'இல்லை'யை அடிச்சிட்டு மேல எழுதினேன். 'நான் போடும்போது அட்டையைக் கவனிக்கவில்லை.'

நானா எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். இல்லைன்னு அடிச்சுச் சொன்னா ரெஜினா பொய்க்காரின்னு ஆகுதே, கவனிக்கவில்லைன்னா சபையில கொஞ்சம் பணிவா இருக்கும், மன்னிச்சு விட்டாலும் விட்டுடுவாங்கன்னு.

சுத்தமா ஒரு நகல் எழுதி நீட்டினேன். அவரு உதட்டை அசைச்சு அசைச்சுப் படிச்சாரு. அந்த வரி வந்ததும் நின்னாரு. "யக்கா, நான் பாத்தேனே. பாத்தேன், அங்க இல்ல. கவனிக்கலன்னா வேற மாதிரி ஆவாதா?"ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது பேச்சு வழக்கு தணிகைவேல். எழுத்து வழக்குல இப்படித்தான் எழுதணும்"னு சொன்னேன்.

முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை கூட நான் அப்படிச் சொன்னதில்லம்மா. தமிழ்ல அப்படி ஒரு வழக்கே கிடையாது.

"நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்"னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு.

இதோ பாருங்க. இது அவரு எழுதினது, சிவப்பு மையெல்லாம் என்னோடது. இது நகல். இது… இதுதான் அட்டை. பாத்தீங்களா, ஓடாதே. நான் சொன்னேன்ல? ஒரு ட் இல்ல.

மணி மூணு நாப்பதா? பஸ் இப்படியே நின்னுட்டா நல்லாயிருக்கும். நான் போகலைன்னா அவரு கடிதமும் போகாது. ஆனா கூட்டம் நிக்காதே, கை தூக்கிடுவாங்களே. ஏம்மா, ஒரு உதவி செய்வீங்களா? நீங்க ஓ.டி.யில இறங்கினதும் எங்கயாவது குப்பைத்தொட்டி இருக்கும். இந்த அட்டையை மட்டும் அதுல போட்டுடுங்களேன். உங்களுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல, இனிமே நம்ம ரெண்டு பேரும் பாத்துக்கப் போறதும் இல்ல. வீட்டுல போட்டா மனசு கேக்கல, தெருவுல போட்டா யாராவது எடுப்பாங்களோன்னு இருக்கு. பிடிங்க.

ஏம்மா கையை இழுத்துக்கறீங்க?

வெறும் அட்டைதானே. தொட்டா ஒட்டிக்குமா?

இருங்க, போன் அடிக்குது. அவருதான். ரெண்டு தடவை அடிச்சாச்சு, எடுக்கல. எடுக்கணுமா? சரி. ஹலோ. சொல்லுங்க தணிகைவேல்… வந்துட்டிருக்கேன்… பாடிப் பாலத்துகிட்ட… எதுக்கு? …பாப்பாவையுமா? …சரி. …சரிப்பா. வெச்சிடறேன்.

பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்காராம். கூட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள பாதி செஞ்ச நாற்காலியில ஒருவாட்டி உக்கார வெச்சுப் பாத்துடறாராம். அதுக்கப்புறம் உள்ள விடுவாங்களோ என்னமோன்னு சொல்றாரு. அளவையாவது குறிச்சு வெச்சுக்கறேன்க்கா, வேற எங்கயாவது ஆவுதா பாக்கறேன்னு சொல்றாரு. பின்னால அந்தப் பிள்ளை சிரிச்சுது. எனக்கு இன்னும் காதுல கேக்குது.

அந்தப் பேனாவை எடுங்கம்மா. கீழ விழுந்திருக்கு பாருங்க, உங்க காலுகிட்ட. பஸ் நிக்கும்போதே செஞ்சுடணும், ஓடும்போது எழுத்து கோணிடும்.

அச்சாபீசுல ஒரு பழக்கம் உண்டு. அடிச்ச சொல்லை, ஐயையோ தெரியாம அடிச்சிட்டோமேன்னு தோணினா, அதுக்குக் கீழ வரிசையாப் புள்ளி வெப்போம். இருந்தது இருந்தபடியே இருக்கட்டும்னு அர்த்தம். நான் புள்ளி வெச்சது ரொம்பக் கம்மி. நான் அடிச்சா அடிச்சதுதான்னு பேரு. இதோ, 'அட்டை இல்லை.' ஒண்ணு, ரெண்டு, மூணு… புள்ளி தெரியுதாம்மா? உங்களுக்குப் படிக்க முடியுதா? சத்தமாப் படிங்க ஒரு தடவை.

ஆமா. அதேதான். நகலைக் கிழிச்சிடறேன். இதைத்தான் வாசிக்கப் போறேன்.

அப்பா, நகந்துடுச்சு. லாரியை எடுத்துட்டாங்க போல. ரெஜினா கட்டுப் போட்ட கையோட முன் வரிசையில உக்காந்திருப்பா. அவ மூஞ்சியை எப்படிப் பாப்பேன்? என்னை வெளிய அனுப்பிடுவாங்க, அது நிச்சயம். அனுப்பட்டும். சுவரெல்லாம் என் கையெழுத்து, அதை என்ன பண்ணுவாங்களோ. ஆனா ஒண்ணு, ட் விட்டது அவதான்னும் சொல்லுவேன். தப்புன்னா தப்புதானே? நான் மட்டும்…

இல்ல. அதைச் சொல்ல மாட்டேன். நீங்க அப்படிப் பாக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

எஸ்டேட்டா? இதுதான். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோங்க, போயிடறேன். பையா? ஆமாம்மா, மூடிட்டேன். அட்டை வெளியவே இருக்கட்டும், கையிலயே பிடிச்சுக்கறேன். பைக்குள்ள போச்சுன்னா திரும்ப வெளிய வராது. எனக்கு என்னைத் தெரியும்.